அயல்மொழி ஆசிரியர்

தில்லியில் வாழும் தமிழர் இந்தியைக் கடைவீதியிலும் பேருந்திலும் கேட்டே பழகிவிடுகிறோம். அயல்நாட்டு மொழிக்கு அவ்வசதி இல்லை. அங்கு ஆசிரியரின் குரலே மாணவனுக்கு ஊரும் தெருவும் ஆகிறது. அவர் பிழை செய்தால் வகுப்பு முழுவதும் அப்பிழையையே கற்கும்.

ஆங்கில ஆசிரியர்களைப் பயிற்றுவதற்காக 1958-இல் ஐதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனம் தோன்றியது. 1972-இல் பிற அயல்மொழிகளும் அதன் பணியில் சேர்ந்தன. 2007-இல் அது மத்தியப் பல்கலைக்கழகமாயிற்று. இத்தகைய பயிற்சி இன்றியமையாதது. ஆனால், பட்டயம் பெற்றதும் ஆசிரியரின் கல்வி முடிந்துவிடுவதில்லை.

மொழிபெயர்ப்பாளனாகிய நான் மாலை வகுப்பொன்றில் பிரெஞ்சு பயின்றேன். அம்மொழியில் ரொட்டியைக் குறிக்கும் சொல்லும் குளியலைக் குறிக்கும் சொல்லும் முதல் மெய்யொலியில் மட்டுமே வேறுபடும். தமிழில் எழுதினால் இரண்டுக்கும் பகரமே. நான் ரொட்டி கேட்டேன். குளியல் என்று ஒலித்தது. வகுப்பு நகைத்தது. ‘இனி நமக்கு இம்மொழி வாராது’ என்றே எண்ணினேன்.

வங்காளியான ஆசிரியர் நகைக்கவில்லை. என் தமிழ்க் குறிப்பேட்டை வாங்கி, எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கேட்டறிந்தார். ‘பல்’, ‘அன்பு’ என்று சொல்லச் செய்தார். எழுத்து ஒன்று, ஒலி இரண்டு என்பது அவருக்கு விளங்கிற்று. “ரொட்டிக்குப் பல்லின் ஒலி, குளியலுக்கு அன்பின் ஒலி” என்றார். அன்றே என் நா திருந்தியது.

மறு ஆண்டு தமிழ் மாணவர் ஒருவர் அவ்வகுப்பில் சேர்ந்தார். முதல் நாளே ஆசிரியர் அவரிடம், “அன்பு என்று சொல்லுங்கள்” என்றாராம்.