கதை எழுதக் கற்றுக்கொடுத்த புத்தகங்கள்

(அஸ்தம்பட்டியில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



‘கதை எழுதுவது எப்படி என்று பதினைந்து நிமிஷம் பேசுங்கள்’ என்று செயலாளர் கடிதம் போட்டிருந்தார். அச்சில் வந்த என் கதைகள் மொத்தம் 19. முப்பத்து மூன்று வருஷம் பேங்கில் லெட்ஜர் எழுதியவன் நான். ‘எப்படி’ என்று சொல்ல எனக்கு யோக்கியதை போதாது. ஆனால் அதைச் சொல்லித்தரும் புத்தகங்களை வாங்கிப் படித்து, கொஞ்சம் கெட்டு, கொஞ்சம் தேறிய அனுபவம் உண்டு. அதை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் வீடு இதே அஸ்தம்பட்டியில்தான். ஏற்காடு ரோட்டில் இருக்கிற மத்தியச் சிறையில் அப்பா வார்டர். லைன் வீடு. ரவுண்டானாவில் சைக்கிளைத் திருப்பினால் கல்லூரிக்கு; திருப்பாமல் நேரே மிதித்தால் மாடர்ன் தியேட்டர்ஸ். 1935இல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த கம்பெனி. இப்போது முகப்பு வளைவு மட்டும் மிச்சம். மு.கருணாநிதி வசனம் எழுதிய ‘மந்திரி குமாரி’ (1950) அந்தக் கம்பெனிப் படம்தான். கதை எழுதிப் பிழைத்தவர்கள் போய்வந்த ரோடு இது என்ற மிதப்பு எனக்கு அந்த வயசிலேயே உண்டு. போதாக்குறைக்கு, மின்வாரியத்தில் வேலை பார்த்துக்கொண்டே நாவல்களாக எழுதித் தள்ளிய மகரிஷி நம் சேலத்தில் இருந்தார். அவருடைய ‘புவனா ஒரு கேள்விக்குறி’ 1977இல் சினிமாவாக வந்தபோது, வேலையும் எழுத்தும் ஒன்றாக ஓடும் என்று எனக்குத் தைரியம் வந்தது.

பழைய புத்தகக் கடையில் இரண்டு ரூபாய்க்கு ஒரு ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. இ.எம்.ஃபார்ஸ்டர் எழுதிய ‘ஆஸ்பெக்ட்ஸ் ஆஃப் த நாவல்’. 1927இல் கேம்பிரிட்ஜில் அவர் செய்த சொற்பொழிவுகள். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். சம்பவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் அது கதை. ஒன்றினால் மற்றொன்று நடந்தது என்று வந்தால் அது கதைப்பின்னல் என்கிறார். பாத்திரங்களிலும் இரண்டு ஜாதி: ஒரே குணத்தில் அடங்கிவிடுகிற தட்டையானவர்கள், நாம் நம்பும்படி நம்மைத் திகைக்க வைக்கிற உருண்டையானவர்கள். அவ்வளவுதான், எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. தெருவில் போகிறவர்களையெல்லாம் தட்டை, உருண்டை என்று பிரித்தேன். பால்காரர் தட்டை. தமிழ்ப் புரொபசர் உருண்டை (உடம்பும் அப்படித்தான், இங்கே சொன்னால் கோபிக்க மாட்டார்). அந்த வருஷம் பதினோரு கதை எழுதி அனுப்பினேன். பதினொன்றும் நான் தபால்தலை ஒட்டி வைத்த உறையிலேயே திரும்பி வந்தன.

குற்றம் ஃபார்ஸ்டருடையது இல்லை. அவர் எழுதி முடித்த நாவல்களை வைத்துக்கொண்டு பேசுகிறார். நான் எழுதாத கதைக்கு அதைச் சமையல் குறிப்பு மாதிரி வாசித்தேன்.

பிறகு பெர்ஸி லப்பக்கின் ‘த கிராஃப்ட் ஆஃப் ஃபிக்ஷன்’. 1921இல் வந்தது. யார் கண் வழியாகக் கதை போகிறது என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை என்று அடித்துச் சொல்கிறார். ஃபார்ஸ்டரோ அதற்கு அவ்வளவு முக்கியத்துவம் வேண்டாம், வாசகனை நம்பவைத்துவிட்டால் ஆசிரியன் இங்கேயும் அங்கேயும் தாவலாம் என்கிறார். இருவரையும் படித்த நான் மூன்று மாசம் ஒரு வரி எழுதவில்லை. மாணவர்கள் கவனிக்கவும்: இந்த வகைப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டே போனால் கிடைக்கும் முதல் பலன் இதுதான்.

தமிழிலும் உண்டு. ரா.கி.ரங்கராஜன் குமுதத்தில் நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்தவர். ‘எப்படிக் கதை எழுதுவது?’ என்று தபால் வழியாகவே பயிற்சி நடத்தினார், பிறகு அது புத்தகமாகவும் வந்தது. பத்திரிகை ஆபீசில் வந்து குவிகிற கதைகளைப் படித்தவர் பேசுவதற்கும் கேம்பிரிட்ஜிலிருந்து பேசுவதற்கும் வித்தியாசம் இருக்கத்தானே செய்யும். ஜெயமோகனின் ‘எழுதும் கலை’யைப் பிற்பாடு படித்தேன். இதையெல்லாம் விட, நம் வகுப்பிலேயே ஒன்று நடத்தினார்கள், நாம்தான் பத்து மார்க்குக்காக மனப்பாடம் செய்தோம்: தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல். உணர்ச்சி எட்டு, ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணங்கள். அழுகைக்கு இழிவுபடுதல், இழத்தல், இருந்த நிலையிலிருந்து தாழ்தல், வறுமை. என் கதாநாயகிகள் அத்தனை பேரும் சாவு விழுந்தால்தான் அழுதார்கள். இழிவுபட்டு அழலாம் என்பது பரீட்சைப் பேப்பரில் எழுதிய எனக்குக் கதையில் தோன்றவே இல்லை.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

ரங்கராஜன் மொழிபெயர்த்த ‘பட்டாம்பூச்சி’ குமுதத்தில் தொடராக வந்தது. பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஷாரியர் எழுதிய ‘பாப்பிலான்’, தீவுச் சிறையிலிருந்து தப்புகிற கதை. அதைப் படித்த சூட்டோடு நானும் ஒரு சிறைக் கதை எழுதினேன். கடல் உண்டு, சுறா உண்டு, ஆல்பர்ட் என்று ஒரு வார்டன் உண்டு. ஃபார்ஸ்டர் கணக்குப்படி உருண்டையான வார்டன். நைட் டியூட்டி முடிந்து வந்த அப்பா அந்த நோட்டை எடுத்துப் படித்தார். எட்டாம் வகுப்புப் படித்தவர், விரலை வைத்து வரிவரியாகப் படிப்பார். பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டார்:

“ஏண்டா கண்ணு, இந்த ஆளு பூட்டுனான், சாவிய எடுத்தான், போயிட்டான்னு எழுதியிருக்கியே. இழுத்துப் பாக்கலையா?”

“எதப்பா?”

“பூட்டத்தான். பூட்டுனா இழுத்துப் பாக்கணும். ஒருக்கா இல்ல, ரெண்டு தடவ. வார்டன்னா கை தானா போவும்டா.”

அன்று ராத்திரி அப்பா எங்கள் வீட்டுத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். பிறந்ததிலிருந்து தினமும் கேட்ட சத்தம். டக், டக். பதினோரு கதை எழுதியவன் காதில் அது விழுந்ததே இல்லை.

கடலையும் சுறாவையும் அடித்தேன். ஆல்பர்ட் முனுசாமி ஆனான். ரிடையர் ஆன வார்டர் ஒருவர் மகள் வீட்டில் போய்த் தங்குகிறார். ராத்திரி ஒவ்வொரு கதவாக இழுத்துப் பார்க்கிறார். மருமகனுக்கு அது பிடிக்கவில்லை. அவ்வளவுதான் கதை. அச்சில் வந்த என் முதல் கதை அதுதான். லப்பக் அப்போதுதான் உதவினார். முதல் படியில் பாதிக் கதை கிழவர் மனசிலும் பாதி மருமகன் மனசிலும் இருந்தது. அவர் சொன்னபடி யார் கண் என்று கேட்டுப் பார்த்தேன். முழுவதையும் மகள் கண்ணுக்கு மாற்றினேன், கதை நின்றது. ஆக, இந்தப் புத்தகங்கள் வண்டி ஓடாதபோது பிரித்துப் பார்க்க உதவும் என்பது என் கட்சி. வண்டி நம்முடையதாக இருக்கணும்.

ஒரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1950 பிப்ரவரி 11 அன்று இந்தச் சிறைக்குள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் இறந்தார்கள். நாடு குடியரசாகி மூன்று வாரம்கூட ஆகவில்லை. அப்பா வேலைக்குச் சேர்ந்தது அதற்குப் பின்னால். ஆனால் எங்கள் லைனில் அப்போது பணியில் இருந்த பெரியவர் ஒருவர் இருந்தார். சாயங்காலம் எங்கள் திண்ணையில் வந்து உட்காருவார். டீ கொடுத்திருக்கிறேன். அவரிடம் பட்டாம்பூச்சிக் கதையைக்கூட ஆவலாகச் சொல்லியிருக்கிறேன், அவர் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நாளைப் பற்றி ஒரு கேள்வி நான் கேட்கவில்லை. 1986இல் போய்விட்டார். அதைப் பற்றிக் கதை எழுத நான்கு முறை உட்கார்ந்தேன். நான்கும் பேப்பர்ச் செய்திக்கு மேலே போகவில்லை. எந்தப் புத்தகமும் அதற்கு உதவாது.

இங்கே படிக்கிற பிள்ளைகளில் பலர் நாமக்கல், ராசிபுரம் பக்கத்திலிருந்து வருகிறீர்கள். பெருமாள்முருகன் தொகுத்த ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’ 2000இல் வந்தது. அகராதிதானே என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் பாட்டி சொல்லி நீங்கள் கூச்சப்பட்ட சொல் அதில் அச்சாகி இருக்கும். ‘ஏறுவெயில்’ (1991) எழுதியவர் அந்த வேலைக்கு ஏன் நேரம் செலவழித்தார் என்று யோசித்துப் பார்க்கலாம்.

மலர்க் குழு மாணவி ஒருத்தி, “சார், முதல்ல எந்தப் புத்தகம் படிக்கலாம்?” என்று கேட்டாள். மூன்றையும் சங்க நூலகத்துக்கே கொண்டுவந்திருக்கிறேன். பென்சில் கோடு நிறைய இருக்கும், அழித்துக்கொள்ளலாம். ஃபார்ஸ்டர் புத்தகத்தின் கடைசி வெள்ளைத்தாளில் மட்டும் பால் கணக்கு எழுதியிருக்கும், அரை லிட்டர், அரை லிட்டர் என்று. அது அப்பா கையெழுத்து. அதை அழிக்க வேண்டாம்.