பழைய இயங்குதளங்களும் தமிழ்க் கோப்புகளும்



தஞ்சோங் பகார் ரயில் நிலையம் 1932ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. 2011 ஜூன் 30ஆம் நாள் இரவு அங்கிருந்து கடைசி ரயில் புறப்பட்டது; மறுநாள் முதல் உட்லண்ட்ஸ் முனையமாயிற்று. அம்மாற்றம் 2010 மே மாதத்திலேயே அறிவிக்கப்பெற்றிருந்தது. கட்டடமோ இடிக்கப்படாமல் தேசிய நினைவுச்சின்னமாகக் காக்கப்பெறுகிறது. ஒரு சேவையை நிறுத்துவோர்க்குரிய மூன்று கடமைகள் இதில் உள்ளன: நாளை முன்கூட்டி உரைத்தல், மாற்றுவழி காட்டுதல், பழையதைப் பேணுதல்.

மூலநிரலிலிருந்து மென்பொருளை உருவாக்குவோர்க்கென எழுதப்படும் வழிகாட்டிக் குறிப்பில், அஃது எந்தெந்த இயங்குதளங்களில் இயங்கும் என்னும் பட்டியல் இருக்கும். காலாவதியான பதிப்புகளை அதனின்று நீக்கலாமா என்பதே இன்றைய வினா.

நீக்கத்தான் வேண்டும் என்பது நம் கருத்து. ஒவ்வொரு பதிப்புக்கும் தனிச் சோதனை வேண்டும். பழைய தளங்களில் புதிய கருவிகள் பலவும் இயங்கா. வெளியிட்ட நிறுவனமே பொதுவான ஆதரவை நிறுத்திவிடுகிறது: விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14. எவரும் சோதிக்காத ஒரு வரி குறிப்பில் எஞ்சியிருப்பின், அதை நம்பி முயலும் மாணவர் தோல்வியுற்றுத் தம்மீதே பிழை என்று சோர்வர். பொய்யான வழிகாட்டல் வழிகாட்டாமையினும் தீது.

ஆயினும் தமிழர்க்கு இதில் தனியிடர் ஒன்றுண்டு. ஒருங்குறி 1991இலேயே தமிழுக்கு இடமளித்தது. ஆனால், விண்டோஸ் வரிசையில் விண்டோஸ் 2000 வந்த பின்னரே அத்தமிழ் இயல்பாகத் திரையில் தோன்றியது. இடைப்பட்ட காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவும் உரோம எழுத்துகளின் எண்களில் தன் விருப்பப்படி தமிழை அமர்த்திக்கொண்டது. இக்குழப்பத்தைத் தீர்க்க நா. கோவிந்தசாமி உள்ளிட்டோர் உழைத்தனர். 1997இலும் 2000இலும் சிங்கப்பூரில் மாநாடுகள் கூடின. உத்தமம் அமைப்பும் 2000இல் இங்கேயே தோன்றியது. எனினும் அதற்குள் எண்ணற்ற பாடக்குறிப்புகளும் பள்ளி மலர்களும் பழைய எழுத்துருக்களில் தட்டச்சாகிவிட்டன. அவற்றுக்குரிய எழுத்துருவும் விசைப்பலகை மென்பொருளும் பழைய தளத்தோடு மறையின், கோப்பு இருக்கும். படிக்கும் வழி இராது. திரையில் தோன்றுவது பொருளற்ற உரோம எழுத்துக் கோவையே.

1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முந்தைய நூல்களை நாம் இன்றும் படிக்கிறோம், கண் பழகிக்கொள்ளும். பொறி அவ்வாறு பழகாது. அது காண்பது எண்களை மட்டுமே.

மாற்றிகள் உள்ளனவே எனலாம். அங்கும் தமிழறிவு வேண்டும். ஔகாரக் குறியின் இரண்டாம் பகுதியும் ளகரமும் வடிவில் ஒன்றே. பழைய முறைகள் சிலவற்றில் இரண்டற்கும் ஒரே எண்தான். எனவே ‘வௌவால்’ என்பதை மாற்றி ‘வெளவால்’ என மூன்றெழுத்தை நான்கெழுத்தாக்கிவிடக்கூடும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. தேடினால் அச்சொல் அகப்படாது. இப்பிழையைக் களைய வல்லவர் மொழி கற்றவரே.

ஆதலின் குறிப்பெழுதும் மாணவர்க்கு ஒன்று சொல்வோம்: ஒரு வரியை நீக்குமுன், ஆதரவு முடியும் நாளையும், அப்பழைய தளத்தில் இயங்கிய கடைசி வெளியீடு கிடைக்குமிடத்தையும், பழைய குறியேற்றத்துக்குரிய மாற்று அட்டவணையையும் எழுதுங்கள். ஆசிரியர்க்கு ஒன்று: அலமாரியிலுள்ள பழைய வட்டுகளை எடுத்து, எழுத்துருவின் பெயரைக் குறித்துவைத்து, ஒருங்குறிக்கு மாற்றி மெய்ப்புப் பாருங்கள், மூலக் கோப்பை அழிக்காதீர்கள். அவ்வெழுத்துருக்களின் பெயர்களை நினைவில் வைத்திருப்போர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் இருக்கும்போதே இப்பணி தொடங்கட்டும்.