பிள்ளைத்தமிழும் பிள்ளை வளர்ப்பும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் வட்டம் பத்து அகவை நிறைந்து நிற்கிறது. பத்து என்றவுடன், பிள்ளைத்தமிழை ஆய்ந்து பட்டம் பெற்ற எனக்குப் பத்துப் பருவங்களே நினைவுக்கு வருகின்றன. அதனால்தான் விழாக் குழுவினர் தலைப்பைக் கேட்டபோது, ‘பிள்ளைத்தமிழும் பிள்ளை வளர்ப்பும்’ என்று சொன்னேன். முதற்பாதி நான் நூல்களில் கற்றது. பிற்பாதி என் வீட்டு முற்றத்தில் கற்றது.

பருவம் கண்ட மரபு

குழந்தையைப் பாடுபொருளாகக் கொள்ளலாம் என்பதற்குத் தொல்காப்பியப் புறத்திணையியலிலேயே இடமுண்டு. பெரியாழ்வார் யசோதையாகத் தம்மைப் பாவித்துக் கண்ணனைப் பாடினார். சோழர் காலத்தில் ஒட்டக்கூத்தரின் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் எழுந்தது. பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் இவ்விலக்கிய வகைக்கு மணிமுடியாய் அமைந்தது.

காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என்னும் ஏழும் இருபாற் பிள்ளைகளுக்கும் பொது. சிற்றில், சிறுபறை, சிறுதேர் ஆகியவை ஆண்பாலுக்கும், அம்மானை, நீராடல், ஊசல் ஆகியவை பெண்பாலுக்கும் உரியவை. மூன்றாம் திங்கள் முதல் இருபத்தொன்றாம் திங்கள் வரை, ஒற்றைப்பட்ட திங்கள்களில் இவற்றைப் பாட வேண்டும் என்று பாட்டியல் நூல்கள் வரையறுக்கின்றன.

இவ்வரையறையை வெறும் யாப்பு விதியாகவே நான் முதலில் படித்தேன். பின்னர்தான் அதனுள் இருந்த கூர்த்த கவனிப்பு எனக்குப் புலப்பட்டது. ஐந்தாம் திங்களில் குழந்தை கையூன்றித் தலையெடுத்து ஆடுவது செங்கீரை. ஏழாம் திங்களில், மழலை ஒலிகள் வாயில் திரளும் வேளையில், நாவசைத்துப் பாடும் தால். ஒன்பதாம் திங்களில் அமர்ந்து கைகொட்டும் சப்பாணி. பதின்மூன்றாம் திங்களில் தளர்நடையிட்டு வரும் வாரானை. இன்றைய குழந்தை மருத்துவர் வளர்ச்சி அட்டையில் குறித்துப் பார்க்கும் படிநிலைகளுக்கு இவை பெரிதும் அணுக்கமாகவே உள்ளன.

கருவுற்ற நாள் தொட்டு இரண்டு வயது நிறையும் வரையுள்ள ஏறத்தாழ 1,000 நாள்களே மனித வாழ்வின் அடித்தளம் என்று இன்றைய அறிவியல் கூறுகிறது. பிறக்கும்போது முதிர்ந்தோர் மூளையின் எடையில் ஏறத்தாழக் கால் பங்கே உள்ள குழந்தையின் மூளை, இரண்டு வயதில் முக்கால் பங்கை எட்டிவிடுகிறது. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களும் இவ்வெல்லைக்குள்ளேயே அடங்கிவிடுவது எண்ணி மகிழத்தக்கது. அப்பருவங்களில் நம் புலவர்கள் பிள்ளைக்கு என்ன தந்தார்கள்? பேச்சைத் தந்தார்கள். மறுமொழி கூற இயலாத குழந்தையோடு, மறுமொழி கூறும் என்ற நம்பிக்கையோடு பேசினார்கள். அதைத்தான் இன்றைய வல்லுநர்களும் நம்மைச் செய்யச் சொல்கிறார்கள்.

முற்றத்தில் கற்ற பாடம்

இனி என் கதைக்கு வருகிறேன். என் மகள் 2008ஆம் ஆண்டு பிறந்தாள். அப்போது நான் ஒரு தனியார் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். முனைவர் பட்ட ஆய்வும் நடந்துகொண்டிருந்தது. சட்டம் அன்று தந்த பேறுகால விடுப்பே 12 வாரந்தான். அதுவும் எனக்கு ஊதியமின்றியே கிடைத்தது. அதற்கு மேல் ஒரு நாள் தங்கினாலும் இடம் போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள். தாமிரபரணிக் கரையிலுள்ள எங்கள் ஊரில் அம்மாவிடம் பிள்ளையை விட்டுவிட்டு மதுரைக்குப் பேருந்து ஏறினேன். மூன்றாம் திங்கள், அதாவது காப்புப் பருவம்! பிள்ளையைக் காக்குமாறு தெய்வங்களையெல்லாம் வேண்டும் பருவத்தில், பால் கட்டி மார்பு வலிக்க, விடுதி அறையில் அமர்ந்து காப்புப் பருவத்திற்கு விளக்கம் எழுதினேன்.

வெள்ளி இரவு புறப்பட்டு ஊர் செல்வேன். ஞாயிறு மாலை திரும்புவேன். அவள் நடக்கத் தொடங்கிய திங்களில் நான் வாரானைப் பருவ இயலை எழுதிக்கொண்டிருந்தேன். மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் அரங்கேறியபோது அம்மையே சிறுமியாய் வந்து புலவருக்கு மாலை அணிவித்தாள் என்னும் மரபுக் கதையை அவ்வியலில் சேர்த்திருந்தேன். அந்த வாரம் ஊருக்குப் போய் முற்றத்தில் நின்று, இரு கைகளையும் நீட்டி, “வா” என்று என் மகளை அழைத்தேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். திரும்பி நடந்து போய் ஆச்சியின் சேலையைப் பற்றிக்கொண்டாள்.

புலவர் அழைக்கத் தெய்வம் வந்தது. நான் அழைக்க என் பிள்ளை வரவில்லை. நான் அழுதேன் என்பதை இந்த மேடையில் சொல்வதில் எனக்கு நாணமில்லை. பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன என் அம்மா அப்போது சொன்னது இது: “நின்னுக்கிட்டே கூப்பிட்டா பிள்ள எப்படி வரும்? உக்காந்து கூப்பிடு.”

உட்கார்ந்தேன். கண்ணுக்குக் கண் நேராக இருந்தேன். அன்று மாலைக்குள் அவள் வந்தாள். பத்துப் பருவங்களையும் பாடிய புலவர்கள் எல்லோரும் அவ்வாறு உட்கார்ந்துதான் பாடியிருக்கிறார்கள் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். அரசனாயினும் தெய்வமாயினும், பாடுவோர் தரையில் அமர்ந்து பிள்ளையின் கண்மட்டத்திற்கு வந்த பின்னரே பிள்ளைத்தமிழ் பிறக்கிறது.

யார் யார் உட்கார வேண்டும்?

முதலாவதாக, தந்தையர். பிள்ளைத்தமிழ் பாடியவர்களுள் பெரும்பாலோர் ஆடவரே. தாயின் குரலைப் பாட்டில் ஏற்ற ஆடவர், தொட்டிலின் கயிற்றை வீட்டில் பற்ற மறுப்பது முறையாகாது.

இரண்டாவதாக, கைப்பேசியைக் கொடுத்துச் சோறூட்டும் நாம் அனைவரும். இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் திரை அறவே கூடாது, ஐந்து வயதிற்குட்பட்டோருக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தை மிகலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. நிலவைக் காட்டிச் சோறூட்டிய மரபு நம்முடையது. அம்புலி திரும்பப் பேசாது; ஆனால் அதைக் காட்டும் தாய் பேசிக்கொண்டே இருப்பாள். திரையோ ஊட்டுகிறவரையும் ஊமையாக்கிவிடுகிறது.

மூன்றாவதாக, சட்டம் இயற்றுவோர். 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பேறுகால விடுப்பு 26 வாரமாயிற்று. 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்பதும் விதியாயிற்று. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் வயலில் நாற்று நடுபவளுக்கும், கட்டட வேலையில் கல் சுமப்பவளுக்கும் அந்த 26 வாரம் எட்டவில்லை. முதல் ஆறு திங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே ஊட்டுக என்று அவளுக்கு அறிவுரை கூறுகிறோம். மரக்கிளையில் தூளி கட்டிவிட்டு வேலைக்குப் போகும் அவள் எந்த நேரத்தில் ஊட்டுவாள் என்பதை நாம் கேட்பதில்லை.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்டது. நம் மக்கள் இன்றும் ‘பால்வாடி’ என்றே வழங்கும் அங்கன்வாடிகள் அதன் வழி வந்தவையே. தமிழகத்தில் 1982இல் சத்துணவுத் திட்டம் வந்தபோது அம்மையங்களின் சிறார்க்கும் சோறு கிடைத்தது. என் மகளும் இரண்டு வயதில் எங்கள் ஊர்ப் பால்வாடிக்குத்தான் போனாள். அங்கிருந்த ஆயா, மூக்குச் சளி துடைத்து, கைகழுவி, சோறூட்டி, பாட்டுச் சொல்லிக் கொடுத்தார். சப்பாணிப் பருவத்திற்கு நான் எழுதிய உரையை அவர் படித்ததில்லை. ஆனால் கைகொட்டிப் பாடியவர் அவரே. அத்தகையோரை நடுவண் அரசின் திட்டம் மதிப்பூதியம் பெறும் தொண்டர்களாகவே கருதி வந்துள்ளது. அவர்கள் பணிக்கொடை பெற உரிமையுடையோர் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது.

வட்டத்திற்கு ஒரு வேண்டுகோள்

நிறைவாக நம் வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். பதினோராம் ஆண்டில் நம் திங்கட்கூட்டங்களோடு இன்னொரு பணியையும் சேர்த்துக்கொள்வோம். திங்களுக்கு ஒரு நாள், உறுப்பினர் இருவர் இருவராக, உரிய இசைவு பெற்று, இவ்வூர் அங்கன்வாடிகளுக்குச் செல்வோம். ஒரு கதை, ஒரு பாட்டு, ஒரு விளையாட்டு போதும். நம் வீட்டு முதியோரிடம் எஞ்சியுள்ள தாலாட்டுகளைக் கேட்டு எழுதி, அவற்றையும் அங்கே பாடுவோம். இதற்குப் பொருட்செலவு இல்லை. தரையில் அமரும் மனம் ஒன்றே வேண்டும்.

என் மகள் இப்போது வளர்ந்துவிட்டாள். நான் தவறவிட்ட பருவங்கள் எனக்குத் திரும்பி வரப்போவதில்லை. இன்று மூன்றாம் திங்களில் இருக்கும் பிள்ளைகளுக்கு அவை இன்னும் எதிரே இருக்கின்றன. அவர்களைத் தமிழில், உட்கார்ந்து அழைப்போம். வருவார்கள்.