மொட்டை மாடியில் ஒரு மணி நேரம்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



சின்னக் குழந்தைகளுக்குக் கோள்களை எப்படி அறிமுகப்படுத்துவது என்று பேசச் சொன்னார்கள். நான் விஞ்ஞானி அல்ல, ஐந்து வயதுப் பேரனுக்குத் தாத்தா. ஆகவே என் தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு நாள் பேரன் பாலைக் கொட்டிவிட்டான். அவசரத்தில் "சனியனே" என்று திட்டிவிட்டேன். அன்று இரவு படுக்கையில் கேட்டான்: "தாத்தா, சனி கெட்டதா? என் புக்ல அழகா வளையம் போட்டிருக்கே?" எனக்குப் பதில் வரவில்லை. செல்போன் பாட்டைக் கேட்டு எட்டுக் கோள்களையும் கடகடவென்று ஒப்பிப்பவன் அவன். ஆனால் வானத்தில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. அவனுக்குத் தெரிந்த சனி ஒன்று படத்தில் இருந்தது, இன்னொன்று என் வசவில் இருந்தது.

மறுநாள் காலண்டரை எடுத்து உட்கார்ந்தோம். ஞாயிறு என்றால் சூரியன், திங்கள் என்றால் நிலா. செவ்வாய் சிவப்பாகத் தெரிவதால் செவ்வாய்; அதன் மண்ணில் இருக்கும் இரும்புத் துருதான் அந்தச் சிவப்பு. பளிச்சென்று வெண்மையாக ஒளிர்வதால் வெள்ளி. சனிக்கு மந்தன் என்றும் ஒரு பெயர் உண்டு. மந்தன் என்றால் மெதுவாகப் போகிறவன். சூரியனை ஒருமுறை சுற்றிவர அதற்கு 29½ ஆண்டுகள் ஆகும். "அப்போ சனி கெட்டது இல்ல, ஸ்லோ!" என்றான். எனக்குப் பெரிய பாரம் இறங்கியது.

கோயிலில் நவக்கிரகம் சுற்றுவது அவரவர் நம்பிக்கை, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் குழந்தை கேட்டால் தெளிவாகச் சொல்லுங்கள். அந்த ஒன்பதில் சூரியன் ஒரு நட்சத்திரம், சந்திரன் பூமியின் துணைக்கோள். ராகுவும் கேதுவும் நிலாவின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள். மீதி ஐந்தும் கண்ணுக்குத் தெரியும் கோள்கள். நாம் நிற்கும் பூமி அந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் குழந்தையே கண்டுபிடிக்கட்டும்.

அடுத்து, சமையலறைச் சாமான்களை வைத்து ஒரு விளையாட்டு. 14 சென்டிமீட்டர் அகலமுள்ள தேங்காய்தான் சூரியன். அதை நம் கேட் அருகே வையுங்கள். பெரியவர் காலடியில் எண்ணி நடக்க வேண்டும். சுமார் 8 அடி வைத்ததும் ஒரு ரவை, அது புதன். 14-இல் ஒரு கடுகு, வெள்ளி. 20-இல் இன்னொரு கடுகு, அதுதான் நம் பூமி! 30-இல் மறுபடி ஒரு ரவை, செவ்வாய். 104-இல் ஒரு கோலி குண்டு, வியாழன். 190-இல் அதைவிடச் சற்றுச் சின்ன குண்டு, சனி. யுரேனஸுக்கும் நெப்டியூனுக்கும் ஆளுக்கொரு மிளகு. அவற்றை வைக்க 385 அடியும் 600 அடியும் நடக்க வேண்டும். நம் காம்பவுண்டு போதாது, தெருவுக்கே போக வேண்டியிருக்கும். புத்தகப் படத்தில் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். நடந்து பார்த்த குழந்தைக்குத்தான் நடுவிலிருக்கும் வெறுமை புரியும்.

மூன்று, நான்கு வயதென்றால் இதுவும் வேண்டாம், நிலா போதும். அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் சூரியன் மறைந்ததும் மேற்கே பிறையைக் காட்டுங்கள். பௌர்ணமி வரை தினமும் அதன் உருவத்தைக் குழந்தையே வரையட்டும். கோளை அடையாளம் காண்பதும் எளிது. நட்சத்திரம் மினுமினுக்கும், கோள் பெரும்பாலும் நிலையாக ஒளிரும். பைனாகுலர் இருந்தால் அதை அசையாமல் பிடித்து, வியாழனின் பக்கத்தில் அதன் நிலாக்களைப் புள்ளிகளாகப் பார்க்கலாம். 1610-இல் கலிலியோ கண்டது இவற்றைத்தான். ஒரே எச்சரிக்கை: சூரியனை வெறும் கண்ணாலோ பைனாகுலராலோ பார்க்கவே கூடாது. விடுமுறையில் கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்துக்கும் ஒரு நடை அழைத்துப் போங்கள்.

இப்போது என் கோரிக்கை. நம் மொட்டை மாடிக் கதவு எப்போதும் பூட்டியே இருக்கிறது. மேலே இருக்கும் விளக்குகளோ விடிய விடிய எரிகின்றன. கைப்பிடிச் சுவர் பயத்தில்தான் பூட்டினோம், அந்தப் பயம் நியாயமானதுதான். ஆகவே மாதம் ஒரே ஒரு மாலை, ஒரு மணி நேரம் மட்டும் கதவைத் திறந்து விளக்கை அணைக்க நிர்வாகக் குழு அனுமதிக்க வேண்டும். ஒவ்வொரு குழந்தையுடனும் வீட்டுப் பெரியவர் ஒருவர் கட்டாயம் வர வேண்டும். படிக்கட்டில் டார்ச்சோடு நான் நிற்கிறேன்.

என் பேரன் இன்னும் சனியை நேரில் பார்க்கவில்லை. பயந்தபடி அல்லாமல் ஆசையோடு அதை அவன் அண்ணாந்து பார்க்க வேண்டும். உங்கள் வீட்டுக் குழந்தைகளும் பக்கத்தில் நின்றால் இன்னும் சந்தோஷம்.