இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய பிக்கப் வண்டிக்கு என்ஜின் பராமரிப்பு



வழக்கமாக உரம், பூச்சி, விதை என்றுதான் உங்களிடம் பேசுவேன். இன்றைக்கு வண்டியைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன். "விவசாய ஆபீசருக்கும் வண்டிக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறேன், கேளுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு தக்காளி விவசாயி. பழைய டீசல் பிக்கப் வைத்திருந்தார். மீட்டரில் இரண்டரை லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. ஒரு நாள் விடியற்காலையில் அறுபது பெட்டி தக்காளியை ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கிளம்பினார். பாதி வழியில் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் வெடித்தது. சூட்டு முள் சிவப்புக்குப் போய்விட்டது. "இன்னும் நாலு கிலோமீட்டர்தானே, போய்விடலாம்" என்று ஓட்டினார். போய்ச் சேரவில்லை. ஹெட் கேஸ்கட் போச்சு, ஹெட்டும் கோணிக்கொண்டது. தக்காளி வெயிலில் கிடந்து, மறுநாள் மாட்டுக்குத்தான் ஆயிற்று. அந்த ஹோஸின் விலை சில நூறு ரூபாய். பட்டறைச் செலவோ அந்தப் போகத்து லாபத்தை அப்படியே விழுங்கிவிட்டது.

ஆகவே முதலில் தண்ணீர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நம்மில் பலர் ரேடியேட்டரில் போர்த் தண்ணீரை ஊற்றுகிறோம். நம் பக்கத்துப் போர்த் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். வெந்நீர் போடுகிற பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவுதான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் என்ஜினின் தண்ணீர்ப் பாதையிலும் படிகிறது. படிவு ஏற ஏற, சூடு வெளியேறாது. கூலன்ட்டுக்குச் செலவழிக்க மனம் வராமல் இதைச் செய்கிறோம், பிறகு ரேடியேட்டரையே மாற்றுகிறோம். கூலன்ட் கொதிநிலையைக் கொஞ்சம் உயர்த்தும், உள்ளே துருப்பிடிக்காமலும் காக்கும். கலந்தே விற்பதை வாங்கினால் அப்படியே ஊற்றலாம். கெட்டிக் கூலன்ட் என்றால் பாட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரில், டப்பாவில் போட்ட அளவுப்படி கலந்து ஊற்றுங்கள். இரண்டு நிறக் கூலன்ட்டை ஒன்றாகக் கலக்க வேண்டாம்.

ஹோஸ்களை வாரம் ஒரு தடவை, என்ஜின் ஆறியிருக்கும்போது, கையால் அமுக்கிப் பாருங்கள். ரப்பர் காய்ந்து வெடிப்பு விட்டிருந்தாலும், ஒரு பக்கம் உப்பியிருந்தாலும், தொளதொளவென்று இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். வெடிக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பேன் பெல்ட்டையும் அதே கையோடு பாருங்கள்.

வைக்கோல் ஏற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ரேடியேட்டரின் முன்பக்கத் தகடுகளில் தூசும் தும்பும் பூச்சியும் அடைத்துக்கொண்டால் காற்று புகாது. என்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். பவர் பம்பை நேரே பிடித்தால் தகடு மடங்கிவிடும்.

வண்டி சூடேறினால் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடு என்று சில மெக்கானிக்குகள் சொல்வார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வால்வு இல்லாவிட்டால் என்ஜின் சரியான சூட்டுக்கே வராமல் ஓடும். டீசல் கூடும், தேய்மானமும் கூடும். வால்வு கெட்டிருந்தால் புதிதாகப் போடுங்கள். சூடேறிய உண்மைக் காரணம் வேறெங்கோ இருக்கும்.

இன்னொன்று. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே பிரஷர் குக்கர் மாதிரி அழுத்தத்தில் இருக்கிறது தண்ணீர். திறந்த மாத்திரத்தில் கொதித்துச் சீறும். சயன்ஸ் படித்த நானே அவசரத்தில் ஒரு தரம் திறந்து முன்னங்கையை வேகவைத்துக்கொண்டவன். முள் ஏறினால் ஓரங்கட்டி என்ஜினை அணையுங்கள். முக்கால் மணி நேரமாவது ஆறட்டும். கொதிக்கிற என்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடித்துப்போகும்.

அடுத்தது காற்று. களத்துமேட்டுத் தூசியில் ஓடும் வண்டிக்கு ஏர் பில்டர்தான் மூக்கு. போர் மோட்டாரின் இம்பெல்லரை மணல் எப்படித் தின்கிறதோ, அப்படித்தான் தூசி பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரையும் தின்கிறது. பேப்பர் பில்டரைத் தண்ணீரில் அலசக் கூடாது, ஆயிலும் தடவக் கூடாது. உள்ளிருந்து வெளிப்பக்கமாகக் குறைந்த காற்றில் ஊதுங்கள். வெளியிலிருந்து ஊதினால் தூசி காகிதத்துக்குள்ளேயே ஏறிக்கொள்ளும். அதுவும் சில தடவைதான், பிறகு புதிதுதான். பில்டரிலிருந்து என்ஜினுக்குப் போகும் குழாயின் கிளிப் தளர்ந்திருந்தால் பில்டர் போட்டும் பிரயோசனமில்லை. நல்ல பில்டரைப் போட்டுவிட்டு கிளிப்பை விட்டுவிட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆயிலுக்கு வருவோம். காலையில் வண்டியைக் கிளப்பும் முன், சமதரையில் நிறுத்தி, குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டுப் பாருங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். டீசல் வண்டியில் ஆயில் சீக்கிரம் கறுக்கும். கறுப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பால் கலந்த காபி மாதிரி இருந்தால்தான் பயம். தண்ணீர் ஆயிலில் கலக்கிறது என்று அர்த்தம். ஊற்றாமலே அளவு ஏறினாலும் சந்தேகப்படுங்கள். முகர்ந்து பார்த்தால் டீசல் வாடை அடிக்கும். மேல்கோட்டுக்கு மேலே ஊற்றுவதும் தப்புதான், ஆயில் கடைந்து நுரைத்துவிடும்.

வயசான என்ஜின் கொஞ்சம் ஆயில் குடிக்கும். குறைந்ததை ஊற்றிக்கொண்டே போனால் மாற்றவே வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது சரியில்லை. பழைய அழுக்கு அடியிலேயே கிடக்கிறது. கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கு நல்ல ரோட்டுக்கு. மண் பாதையிலும் அதிகச் சுமையிலும் ஓடுகிற நாம் அதற்கு முன்பே மாற்ற வேண்டும். ஆயில் மாற்றும்போது ஆயில் பில்டரையும் மாற்றுங்கள். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 விதிக்குப் பிறகு வாங்கிய வண்டி என்றால், கையேட்டில் சொன்ன ரக ஆயிலைத் தவிர வேறு ஊற்றாதீர்கள். புகையை வடிகட்டும் சாதனம் அடைத்துக்கொள்ளும். இறக்கிய பழைய ஆயிலை வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ கொட்ட வேண்டாம். டப்பாவில் பிடித்துப் பட்டறையில் சேர்த்துவிடுங்கள்.

டீசல் பில்டரின் அடியில் தண்ணீர் தேங்கும் கிண்ணம் இருந்தால், திருகாணியைத் தளர்த்தித் தண்ணீரை இறக்கிவிடுங்கள். மழைக்காலத்தில் அடிக்கடி செய்ய வேண்டும். கேனில் வாங்கி வைத்து ஊற்றுகிறவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பம்பும் நாசிலும் கெட்டால் செலவு தாங்காது.

புகையையும் கவனியுங்கள். கறும்புகை என்றால் காற்று போதவில்லை, அல்லது டீசல் அதிகம். முதலில் ஏர் பில்டரைப் பாருங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. காலைக் குளிரில் கொஞ்ச நேரம் வெண்புகை வந்தால் பாதகமில்லை. ஓட ஓட வெண்புகை நிற்காமல், கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால் அன்றைக்கே பட்டறைக்குப் போங்கள்.

டர்போ உள்ள வண்டியைச் சுமையோடு ஓட்டிவந்து சட்டென்று அணைக்காதீர்கள். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் சும்மா ஓடட்டும், டர்போ ஆறும். டைமிங் பெல்ட் உள்ள என்ஜின் என்றால், கெடு வந்ததும் மாற்றிவிடுங்கள். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். பழைய வண்டி வாங்கியவருக்கு, முந்தைய சொந்தக்காரர் எப்போது மாற்றினார் என்று தெரியாவிட்டால், மாற்றிவிட்டுக் கணக்கைத் தொடங்குவதே மேல்.

கணக்கு என்றதும் நினைவுக்கு வருகிறது. மாட்டுக்குச் சினை ஊசி போட்ட தேதியை எழுதி வைக்கிறோம் அல்லவா? அதே நோட்டில் ஒரு பக்கம் வண்டிக்கு ஒதுக்குங்கள். ஆயில் மாற்றிய தேதி, அப்போது மீட்டர் காட்டிய எண், எவ்வளவு ஆயில் ஊற்றினீர்கள், கூலன்ட் எவ்வளவு குறைந்தது என்பதைக் குறித்து வையுங்கள். போன மாதம் கால் லிட்டர், இந்த மாதம் ஒரு லிட்டர் என்று நோட்டில் தெரிந்தால், அறுவடைக்கு முன்பே பட்டறையில் காட்டிவிடலாம். அறுவடை நேரத்தில் பட்டறையில் இடமும் கிடைக்காது, வாடகை வண்டிக்காரரும் இரட்டிப்பு கேட்பார்.

அடுத்த பேச்சில் தக்காளி இலைச்சுருட்டு நோயைப் பற்றிச் சொல்கிறேன்.