சிறை சென்றவரின் பிள்ளைகள்

(பொன்விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

பொன்விழா மேடையில் சிறையைப் பற்றிப் பேசுவது சிலருக்கு நெருடலாக இருக்கலாம். ஆனால் சுங்கைப் பட்டாணிச் சிறையும் போக்கோக் சேனாச் சிறையும் நம் கெடா மாநிலத்தில்தான் இருக்கின்றன. உள்ளே இருப்பவர்களுக்கும் பிள்ளைகள் உண்டு.

நீதிபதி தந்தைக்கு மட்டும்தான் தண்டனை விதிக்கிறார். பிள்ளைக்கு விதிப்பது நாம். "அவன் யார் மகன் தெரியுமா?" என்ற ஒரு கேள்வி போதும். ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்பது குர்ஆன் பல இடங்களில் சொல்லும் நீதி.

வீட்டில் முதலில் நிற்பது வருமானம். பிறகு உறவினர் வருகை. தாய், "அத்தா வெளியூரில் வேலை செய்கிறார்" என்று சொல்லி வைக்கிறாள். உண்மையைப் பள்ளிக்கூடத்தில் பிறர் வாயால் கேட்கும் பிள்ளை, தாயின் சொல்லையும் நம்பாமல் போகிறது.

நம் நாட்டில் 2023 ஜூலை 4 முதல் கட்டாய மரண தண்டனை நீங்கியது. சாகும்வரை சிறை என்பதற்குப் பதிலாக 30 முதல் 40 ஆண்டுச் சிறை வந்தது. கூட்டரசு நீதிமன்றம் மறு ஆய்வு செய்து பலரைத் தூக்கிலிருந்து மீட்டது. அல்ஹம்துலில்லாஹ். ஆனாலும் கணக்குப் பாருங்கள். 30 ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு கழிவு கிடைத்தாலும் 20 ஆண்டு. 3 வயதில் விட்டுச்சென்ற பிள்ளைக்கு, தந்தை திரும்பும்போது 23 வயது.

தமிழ்நாட்டில் ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991இல் 19 வயதில் கைதான பேரறிவாளன், 2022 மே 18 அன்று விடுதலையானபோது அவருக்கு வயது 50. தாயார் அற்புதம்மாள் மகனுக்காக அத்தனை ஆண்டும் அலைந்தார். அதே வழக்கில் நளினிக்குச் சிறையிருப்பில் மகள் பிறந்தாள். கணவரை இழந்த சோனியா காந்தியே அந்தக் குழந்தையை எண்ணிக் கருணை காட்ட வேண்டினார்; 2000இல் தூக்கு ஆயுள் தண்டனையாயிற்று. வழக்கின் நியாயம் வேறு பேச்சு. குழந்தையின் பக்கம் நின்று பார்த்த அந்த மனம் நமக்கு வேண்டும்.

நெடுங்காலம் சிறையில் இருந்தவர் கதவைத் தாமே திறந்து பழக்கமற்றுப் போகிறார். உண்பதும் உறங்குவதும் பிறர் உத்தரவு. வெளியே வந்தால் கைப்பேசியும் புதிது, வங்கி இயந்திரமும் புதிது. அவர் இல்லாமலே வாழப் பழகிய வீடும் புதிது. வேலையும் கிடைக்காவிட்டால் அவர் பழைய கூட்டத்தைத் தேடிப் போவதில் வியப்பென்ன?

யூசுப் நபி பல ஆண்டு சிறையிருந்தவர்கள். வெளியே வந்ததும் மிஸ்ரு நாட்டின் களஞ்சியப் பொறுப்பே அவர்களிடம் தரப்பட்டது. பத்ருப் போர்க் கைதிகளில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்து விடுதலை பெற்றார்கள்.

ஆகவே நம் சங்கத்திடம் மூன்று கோரிக்கை வைக்கிறேன். அந்தப் பிள்ளைகளின் பள்ளிச் செலவைப் பெயர் வெளியிடாமல் ஏற்போம். தந்தையைப் பார்க்கப் போக வண்டி ஏற்பாடு செய்வோம். விடுதலையாகி வருபவருக்கு நம் உறுப்பினர் கடைகளில் ஒரு வேலை கொடுப்போம்.

அடுத்த பெருநாளில் அந்தப் பிள்ளைகள் நம் வரிசையில் தலைநிமிர்ந்து நிற்கட்டும்.