தரையிலே ஒரு போர்க்களம்

சதுரங்கம் நம் நாட்டில் பிறந்த விளையாட்டு. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைச் சேனையையும் ஒரு பலகைக்குள் அடக்கிய அவ்விளையாட்டு, பாரசீகத்தின் வழியாகவும் அரேபியரின் வழியாகவும் ஐரோப்பாவைச் சென்றடைந்தது. அங்கே 1780-ஆம் ஆண்டில் ஹெல்விக் என்ற ஜெர்மானிய ஆசிரியருக்கு அதில் ஒரு குறை தென்பட்டது. போர்க்களத்தில் குன்றும் ஆறும் சதுப்பும் உண்டே, இந்தப் பலகையில் அவை எங்கே என்று அவர் கேட்டார். ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட கட்டங்களை வரைந்து, நிலத்தின் தன்மைக்கேற்ப அவற்றுக்கு வண்ணம் தீட்டி ஒரு புதிய ஆட்டத்தை அமைத்தார். 1824-இல் பிரஷ்ய ராணுவ அதிகாரியான ரைஸ்விட்ஸ் கட்டங்களையே நீக்கிவிட்டார். அளவுப்படி வரைந்த நிலப்படம், சிறு சிறு துண்டுகளாகப் படைகள், பகடை, இரு தரப்புக்கும் பொதுவான ஒரு நடுவர் என்று அவர் வகுத்த முறையைப் பிரஷ்ய ராணுவம் அதிகாரிகளின் பயிற்சிக்கே ஏற்றுக்கொண்டது.

அதை மீண்டும் வீட்டுத் தரைக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ். 1913-இல் அவர் வெளியிட்ட சிறு நூலில் பொம்மைச் சிப்பாய்களுக்கான விதிகள் இருக்கின்றன. காலாள் ஒரு முறைக்கு ஓர் அடி தூரம் நகரும். குதிரை வீரன் இரண்டடி நகருவான். பீரங்கியின் அருகே நான்கு பேராவது இருந்தால்தான் அது சுடும். ஒவ்வொருவர் முறைக்கும் காலவரையறை உண்டு. சிந்தித்துச் சிந்தித்தே மாலைப் பொழுதை விழுங்கிவிடும் நண்பர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள் அல்லவா! ஆட ஆடத்தான் இவ்விதிகள் உருப்பெற்றன. இத்தகைய ஆட்டம் நாலைந்து ஆடியவனுக்கு உண்மையான யுத்தம் எவ்வளவு பேதைமையானது என்பது விளங்கும் என்று வெல்ஸ் நம்பினார். நூல் வெளிவந்த மறு ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது.

விலையுயர்ந்த பொம்மைகள் இதற்குத் தேவையில்லை. எந்த மாநிலத்தில் குடியேறினாலும் நம்மவர் அடுக்களையில் புளி இருக்கும். புளி இருந்தால் கொட்டையும் இருக்கும். ஒரு படைக்குக் கொட்டைகளை அப்படியே வைத்துக்கொண்டு, மற்றதற்கு ஒரு பக்கத்தைக் கல்லில் தேய்த்து வெளுப்பாக்கினால் இரண்டு சேனைகள் தயார். நீல நூல் ஆறு. புத்தகத்தின்மேல் விரித்த துணி மேடு. பகடைக்குப் பதிலாகச் சோழிகள் போதும்.

சோழி விஷயத்தில் மட்டும் சிறிது கணக்கு வேண்டும். பகடையின் ஆறு முகங்களுக்கும் சம வாய்ப்பு உண்டு, சோழிக்கு அப்படியில்லை. நான்கு சோழிகளை எறிந்தால், ஒவ்வொன்றும் இருபுறமும் சமமாக விழும் என்று கொண்டாலும், பதினாறில் ஆறு முறை இரண்டு வாய் மேலாக இருக்கும். நான்கும் மேலாக விழுவது பதினாறில் ஒரே முறை. ஆகவே அடிக்கடி நிகழ்வதை இரண்டுக்கும், அரிதாக நிகழ்வதை நான்குக்கும் வைத்து விதி எழுத வேண்டும். உண்மையில் ஒவ்வொரு சோழிக்கும் ஒரு சாய்வு உண்டு. நூறு முறை எறிந்து எண்ணிப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. அந்த வேலையைச் சிறுவர்களிடம் ஒப்படைத்தால் ஒரு மணி நேரம் வீடு அமைதியாக இருக்கும்.

இனி, எந்தப் போரை ஆடுவது? மகாராஷ்டிரத்தில், இன்றைய ஜால்னா மாவட்டத்தில், அசாயே என்ற கிராமம் இருக்கிறது. 1803 செப்டம்பர் 23-ஆம் நாள் அங்கே கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்கும் சிந்தியாவின் படைக்கும் பெரும் போர் நடந்தது. கம்பெனிப் படையை நடத்தியவர், பிற்காலத்தில் வெலிங்டன் பிரபுவாகிய ஆர்தர் வெல்லெஸ்லி. அவருடைய படையில் பெரும் பகுதியினர் சென்னை ராணுவத்தின் சிப்பாய்கள். மெட்ராஸ் ரெஜிமெண்டின் சின்னத்தில் உள்ள யானை அந்தப் போரின் நினைவாக வந்ததே. யாருக்காகப் போரிட்டார்கள் என்ற கேள்வி தனி. ஆனால் தென்னாட்டிலிருந்து நெடுந்தூரம் வந்து அங்கே மடிந்தவர்கள் நம்மவர்கள்.

சிந்தியாவின் பக்கம் ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்ற காலாட்படை பத்தாயிரத்துக்கு மேல், பீரங்கிகள் ஏறத்தாழ நூறு, குதிரைப்படையோ பல்லாயிரம். போரின் சுமையைத் தாங்கிய கம்பெனித் துருப்புகள் ஏறத்தாழ 4,500. நூறு பேருக்கு ஒரு கொட்டை என்று வைத்தால், ஒரு பக்கம் நாற்பத்தைந்து, எதிர்ப்பக்கம் காலாட்படை மட்டுமே நூற்றுக்கு மேல். பெருங்குதிரைப்படை அன்று களத்தில் அதிகம் கலந்துகொள்ளவில்லை. அதை விட்டுவிட்டால் கம்பெனிக்கு அச்சமே இராது; முழுமையாக இறக்கினால் ஆட்டம் அரை மணியில் முடிந்துவிடும். நான்கு சோழியும் வாய் மேலாக விழுந்தால் மட்டுமே அது அசையும் என்று விதிப்பதே பொருத்தமாகும். ஓரத்தில் அது நிற்கும். எப்போது பாயும் என்று எவருக்கும் தெரியாது.

அடுத்தது ஆறு. மராத்தியப் படை ஆற்றுக்கு அப்பால் அணிவகுத்து நின்றது. கடக்கத்தக்க துறை வேறில்லை என்று வழிகாட்டிகள் சாதித்தார்கள். ஆற்றின் இருகரையிலும் எதிரெதிரே இரண்டு கிராமங்கள் அமைந்திருப்பதைக் கண்ட வெல்லெஸ்லி, இவ்வளவு அருகே வாழும் மக்கள் போக்குவரத்து இன்றி இருக்கமாட்டார்கள், எனவே அங்கே துறை இருந்தே தீரும் என்று ஊகித்தார். ஊகம் பலித்தது. இதை விதியாக்க நடுவர் வேண்டும். துறை உள்ள இடத்தை அவர் சீட்டில் எழுதி மடித்து வைக்கட்டும். தேடிப் பார்க்கும் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு முறை ஆட்டம் வீணாகட்டும்.

வீட்டில் விதி எழுதுவோர் இங்கேதான் சறுக்குகிறார்கள். வென்றவர் யாரென்று முன்னரே தெரியுமாதலால், தோற்றவனை மந்தனாக்கிவிடுகிறார்கள். சிந்தியாவின் காலாட்படையை நடத்திய போல்மன், பகைவர் பக்கவாட்டில் ஆற்றைக் கடந்ததைக் கண்டதும் தம் அணியையே திருப்பி அவர்களுக்கு எதிராக நிறுத்தினார். வெல்லெஸ்லி அதை எதிர்பார்க்கவில்லை. ஆகவே பயிற்சி பெற்ற படை ஒரே முறையில் திசை திரும்பலாம் என்ற விதி இல்லாவிட்டால் அது அசாயே ஆகாது.

பீரங்கி விதி இன்னும் கடினம். கம்பெனிப் படை பீரங்கி வரிசையைக் கடந்து முன்னேறியபோது, இறந்தவர்போல் கிடந்த பீரங்கி வீரர்கள் எழுந்து பின்புறத்திலிருந்து சுட்டார்கள். எனவே பீரங்கியைக் கைப்பற்றியவன் அங்கே இரண்டு கொட்டைகளையாவது நிறுத்திச் செல்ல வேண்டும். இல்லையேல் அது மீண்டும் பகைவனுடையது. வலப்புறத்திலோ, உத்தரவைப் பிழையாகப் புரிந்துகொண்ட ஒரு பகுதி அசாயே கிராமத்தை நோக்கியே சென்றது. அதைத் தொடர்ந்த 74-ஆவது படைப்பிரிவு அங்கே சிதைந்தது. ஆட்டத்துக்கு ஒரு முறை மட்டும், சோழிகள் யாவும் கவிழ்ந்து விழுந்தால், ஒரு பிரிவு தவறான திசையில் செல்லும் என்று வைக்கலாம். பிள்ளைகள் கூச்சலிடுவார்கள், வைக்கத்தான் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் விதி எழுதப் புகுந்தால் முடிவே இராது. ரைஸ்விட்ஸின் முறையே பின்னர் அட்டவணைகளின் பாரத்தால் தளர்ந்தது. 1876-இல் வெர்டி து வெர்னுவா என்ற பிரஷ்ய அதிகாரி, அட்டவணைகளை ஒதுக்கிவிட்டு அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்புக்கே விடலாம் என்றார். வீட்டில் அந்த இடத்தில் தாத்தாவோ மாமாவோ அமரலாம். ஆனால் அவர் அன்று கூறிய தீர்ப்பை அன்றே ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட வேண்டும். மறுவாரம் அதே சிக்கல் எழும்போது வேறு தீர்ப்புக் கூறினால், தோற்ற பிள்ளை அதற்குமேல் ஆட வரமாட்டான்.

விழுந்த கொட்டைகளை டப்பாவில் போட்டுவிடாமல், விழுந்த இடத்திலேயே கவிழ்த்து வைக்கச் சொல்வேன். அன்று கம்பெனிப் படையில் மாண்டோரும் காயமுற்றோரும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர். நாற்பத்தைந்தில் பதினைந்து கவிழ்ந்து கிடக்கும்போது, வென்ற பிள்ளையும் ஒரு முறை எண்ணிப் பார்ப்பான்.

பிறகு இருவரும் இடம் மாறி அமர்ந்து, அதே போரை அதே விதிகளோடு மறுபடி ஆடட்டும். வெல்லெஸ்லியாக இருந்தவன் இப்போது போல்மன். எந்த விதி ஒரு பக்கத்துக்குச் சலுகை காட்டியது என்பதை அவனே எடுத்துச் சொல்வான். அதைக் குறிப்பேட்டில் சிவப்பு மையால் திருத்திக்கொள்ளலாம்.